பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் பொறுப்பும்
நீதிமன்ற ஆணையை மாற்ற முடியுமா?



நிக்காஹ்வின்போது ஊரே திரண்டு வந்து துஆச் செய்கிறது. தலாக் அல்லது குலாவின்போது நான்கைந்து பெரியவர்கள் மட்டும் அமர்ந்து பேசுகிறார்கள். மஹரும் நகையும் இத்தாக் காலச் செலவும் கணக்கிடப்படுகின்றன. அவற்றோடு ஒரு வரியாகப் பிள்ளையின் பெயரும் எழுதப்படுகிறது. "பிள்ளை தாயிடம் இருக்கும்" அல்லது "பிள்ளை தகப்பனிடம் இருக்கும்" என்று எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட்டதும், காரியம் முடிந்துவிட்டதாக அனைவரும் கலைந்து செல்கிறார்கள்.

ஆனால், காரியம் முடிவதில்லை. நகை கைமாறியதோடு அதன் கணக்குத் தீர்ந்துவிடும். பிள்ளையோ வளர்கிறது. மூன்று வயதில் தாயின் மடியைத் தவிர வேறொன்றும் அறியாத குழந்தை, ஒன்பது வயதில் தகப்பனைக் கேட்கிறது. தாய்க்கு மறுமணம் நடக்கிறது. தகப்பனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. பிள்ளையை வளர்த்து வந்த பாட்டி வஃபாத்தாகி விடுகிறார். அன்று எழுதிய ஒரு வரி இன்றைய நிலைமைக்குப் பொருந்தாமல் போகிறது. அப்பொழுது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் இரண்டு விதமான தவறான பதில்கள் உலவுகின்றன. "எழுதியது எழுதியதுதான், இனி யாராலும் மாற்ற முடியாது" என்பது ஒன்று. "பெற்றவனுக்கு இல்லாத உரிமையா? போய்த் தூக்கி வந்துவிடு" என்பது மற்றொன்று. முதலாவது பிள்ளையைத் தகாத இடத்தில் கட்டிப்போடுகிறது. இரண்டாவது, பள்ளிக்கூட வாசலில் அதைக் கதற வைக்கிறது. ஷரீஅத்தும் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கடற்கரையின் தனி நிலை

தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களின் குடும்ப அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பும் கடல் வாணிபமும் இக்கரைக்குச் சோறு போட்டன. இங்கு கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் முடிந்தது. இன்று நம் ஆண்கள் துறைமுகத்திலும் கப்பல்களிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கிறார்கள். வீட்டுக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறையோ, ஈராண்டுக்கு ஒரு முறையோதான்.

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் பெண் வீட்டில் வந்து தங்குவதும் நெடுங்கால வழக்கம். ஆகவே பிள்ளை பிறப்பதும் வளர்வதும் தாய் வீட்டில்தான். உம்மா, பாட்டி, பெரியம்மா, சின்னம்மா என்று சூழ்ந்திருக்கும் அந்த வீடே அதற்கு உலகம். தகப்பன் பாசமில்லாதவரல்லர், தூரத்தில் இருப்பவர். இத்தகைய குடும்பம் பிரியும்போது, பிள்ளையின் இருப்பிடத்தை மாற்றுவது அதன் உலகத்தையே மாற்றுவதாகும். மறுபக்கம், எதையும் மாற்றாமலே விட்டுவிட்டால் தகப்பன் என்ற உறவே பிள்ளையின் நெஞ்சிலிருந்து அழிந்துவிடக்கூடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதுதான் நீதி.

ஷரீஅத் வகுத்த வழி

குழந்தையை அருகில் வைத்து வளர்க்கும் பொறுப்பை ஃபிக்ஹு நூல்கள் "ஹளானத்" என்கின்றன. பிள்ளையின் சொத்து, திருமணம் ஆகியவற்றைக் கவனிக்கும் "விலாயத்" என்ற பொறுப்பு வேறு. முன்னதில் தாய்க்கு முதலிடம். பின்னதில் தகப்பனுக்கு முதலிடம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதே பல சச்சரவுகளுக்கு வேர்.

விவாகரத்தான ஒரு பெண் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் மகனைத் தகப்பன் பறிக்க எண்ணுவதாக முறையிட்டபோது, அவள் மறுமணம் செய்யாதவரை அவளுக்கே அதிக உரிமை என்று பெருமானார் தீர்ப்பளித்ததை அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். வளர்ந்த ஒரு சிறுவனின் விஷயத்தில், தாய், தகப்பன் இருவரில் விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள்ளுமாறு அச்சிறுவனிடமே நபியவர்கள் கூறிய செய்தியும் உண்டு. ஹளரத் உமர் (ரலி) அவர்கள் தம் மகன் ஆஸிமை அழைத்துச் செல்ல முற்பட்டபோது, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வழங்கினார்கள். உமர் போன்ற ஒருவரும் மறுபேச்சின்றி அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்பதை நம் தகப்பன்மார்கள் சிந்திக்க வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயின் ஹளானத்தில் இருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், ஏறத்தாழ ஏழு வயதில் நன்மை தீமையைப் பிரித்தறியும் பக்குவம் வந்ததும், ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைக்கே தேர்வு அளிக்கப்படுகிறது. இதில் பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிள்ளை பின்னர் மற்றவரை விரும்பினால், அவரிடம் மாற்றப்பட வேண்டும் என்று ஷாஃபி ஃபிக்ஹு கூறுகிறது. மறுமணத்தால் தாய் இழந்த உரிமை, அம்மணம் முறிந்தால் அவளுக்கே திரும்புகிறது என்றும் கூறுகிறது. அதாவது, இந்த ஏற்பாடு காலத்திற்கும் நிலைமைக்கும் ஏற்ப மாறக்கூடியது என்பதை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுள்ளார்கள்.

நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி, பிள்ளைகளின் பாதுகாவல் குறித்த விஷயங்களிலும் முஸ்லிம்களுக்கு அவர்களது தனியார் சட்டமே பொருந்தும். ஆயினும் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது, அது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படுகிறது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவுதான் இதற்கு உயிர்நாடி. பிள்ளைக்குப் பொருந்தும் தனியார் சட்டத்திற்கு இசைய, அந்தச் சூழ்நிலையில் பிள்ளையின் நலனுக்கு உகந்தது எது என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும். பிள்ளையின் வயது, பால், மதம், பொறுப்பேற்க வருபவரின் குணநலன், அவருக்கும் பிள்ளைக்குமுள்ள உறவின் நெருக்கம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சிந்தித்து விருப்பம் கூறும் வயதுள்ள பிள்ளையானால், அதன் விருப்பத்தையும் கருதலாம்.

ஆகவே, "மகனுக்கு ஏழு வயது நிறைந்துவிட்டது, இனி அவன் தானாகவே என்னிடம் வந்துவிட வேண்டும்" என்று ஒரு தகப்பன் எண்ணினால் அது பிழை. ஏழு வயது நிறைவது நீதிமன்றத்தை அணுகுவதற்கு ஒரு காரணமாகலாம். பிள்ளையைப் பிடித்து இழுப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு

ஒருமுறை பிறப்பித்த ஆணையை மாற்ற முடியுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை, நம் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில்தான் கிடைத்தது. ரோசி ஜேக்கப் வழக்கு என்று சட்ட நூல்களில் அது வழங்கப்படுகிறது. அத்தம்பதியர் கிறிஸ்தவர்கள், மூன்று பிள்ளைகள். 1964இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பிரிந்து வாழத் தீர்ப்பளித்தது. மூத்த மகன் தகப்பனிடமும், மகளும் இளைய மகனும் தாயிடமும் இருப்பதென ஏற்பாடாயிற்று. பின்னர் பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ்த் தகப்பன் மனுச் செய்தார். தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் தகப்பனுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. தாய் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1973இல் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அதில் வகுக்கப்பட்ட இரண்டு கொள்கைகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்பது முதலாவது. பிள்ளையின் பொறுப்புப் பற்றிய எந்த ஆணையும் அதன் இயல்பிலேயே தற்காலிகமானது. நிலைமை மாறும்போதும் காலம் கடக்கும்போதும், பிள்ளையின் நலன் வேண்டினால் அதை நீதிமன்றம் மாற்றலாம் என்பது இரண்டாவது.

"சம்மதித்துக் கையெழுத்திட்டேனே?"

பலரை வாட்டும் ஐயம் இது. இருவரும் சம்மதித்து நீதிமன்றத்தில் பெற்ற ஆணையை எதிர்த்துச் சாதாரணமாக மேல்முறையீடு செய்ய இயலாது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் மேல்முறையீடு வேறு, மாற்றக் கோருவது வேறு. அன்று சொன்ன தீர்ப்பே தவறு என்பது மேல்முறையீடு. அன்று சரியாக இருந்தது, இன்று நிலைமை மாறிவிட்டது என்பது மாற்றக் கோரும் மனு.

தன்வந்தி ஜோஷி வழக்கில் 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சம்மதத்தின் பேரில் பிறந்த ஆணையையும் பிள்ளையின் நலன் கருதி மாற்றலாம் என்று கூறியது. அமெரிக்காவில் வசதியுடன் வாழ்ந்த தகப்பனின் செல்வம் மட்டுமே பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கப் போதுமான காரணமாகாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. விக்ரம் வீர் வோரா வழக்கில், தம்பதியர் மனமொத்துப் பிரிந்து பிள்ளை தாயிடம் இருப்பதென ஒப்புக்கொண்டிருந்தனர். பின்னர் தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. பிள்ளையை உடன் அழைத்துச் செல்ல ஆணையை மாற்றக் கோரினார். 2010இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பிள்ளையுடன் தனியே உரையாடி அதன் மனத்தை அறிந்தபின் தாய்க்கு அனுமதி அளித்த தீர்ப்பை உறுதி செய்தனர். தகப்பன் பிள்ளையைச் சந்திக்கும் வழியும் அடைக்கப்படவில்லை. மாற்றம் பிள்ளையின் நலனுக்கே என்பதை, அதைக் கோருபவர் மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

எவை காரணமாகும்? எவை ஆகா?

மறுமணம் குறித்து நம்மிடையே அச்சம் மிகுதி. மறுமணம் செய்தால் பிள்ளையை இழக்க நேரும் என்று இளம் வயதிலேயே தனித்து வாழும் சகோதரிகள் எத்தனை பேர்! பிள்ளைக்கு அந்நியரான ஒருவரைத் தாய் மணந்தால் அவளது முன்னுரிமை நீங்கும் என்பது ஃபிக்ஹு விதி. நீதிமன்றமோ அந்த விதியையும் பிள்ளையின் நலனையும் சேர்த்தே எடைபோடுகிறது. தாயின் மறுமணம் என்ற ஒரே காரணத்திற்காகப் பிள்ளையை மறுக்க முடியாது என்று 2006இல் லேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது முஸ்லிம் குடும்பத்து வழக்கன்று என்றாலும், நீதிமன்றம் நலனை எவ்வாறு நோக்குகிறது என்பதை அது காட்டுகிறது.

தகப்பனின் மறுமணமும் அவ்வாறே கருதிப் பார்க்கப்படும். பெங்களூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்து வழக்கில், தாய் இறந்தபின் பிள்ளைகள் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தனர். மறுமணம் செய்துகொண்ட தகப்பன் அவர்களைக் கோரினார். 2010இல் அதர் உசேன் வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. பாதுகாவலர் என்ற உரிமை தகப்பனுக்கு முதன்மையாக இருக்கலாம். ஆயினும் பிள்ளை யாரிடம் தங்கியிருப்பது என்பது வேறு கேள்வி என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிந்து, மூல வழக்கு முடியும்வரை அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தது. நம் ஃபிக்ஹு கூறும் ஹளானத், விலாயத் வேறுபாட்டையே இது நினைவூட்டவில்லையா?

படிப்பு தொடர்ந்து கெடுவது, நோய்க்கு மருத்துவம் செய்யாதிருப்பது, அடி உதை, குடிப்பழக்கம், பிள்ளையை வேலைக்கு அனுப்புவது, நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பை மீண்டும் மீண்டும் தடுப்பது, வளர்ப்பவர் மரணமடைவது அல்லது படுக்கையில் வீழ்வது, ஊர் மாறுவது, பக்குவமடைந்த பிள்ளையின் உறுதியான விருப்பம் ஆகியவை வலுவான காரணங்கள். "அவர்கள் வீட்டார் எங்களை மதிக்கவில்லை", "செலவுப் பணம் கொடுக்கிறேன், ஆகவே பிள்ளை என்னுடையது" என்பன காரணங்களே அல்ல. செலவுக்குக் கொடுப்பது தகப்பன் மீது கடமை. முஸ்லிம் தகப்பனின் இந்தக் கடமை, விவாகரத்தான மனைவியிடம் வளரும் பிள்ளைக்கு இரண்டு வயதோடு முடிந்துவிடுவதில்லை என்று 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

எங்கே செல்வது? என்ன கொண்டு செல்வது?

பிள்ளை வழக்கமாக எங்கு வசிக்கிறதோ, அந்த இடத்திற்கு அதிகாரமுள்ள குடும்ப நீதிமன்றத்தில், அது இல்லையெனில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். தகப்பன் துபாயில் இருந்தாலும், தாய் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டாலும், பிள்ளை பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் ஊர் எது என்பதே கேள்வி. குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தூத்துக்குடி மாவட்டத்தார் அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2004 முதல் மதுரைக் கிளை இயங்குகிறது.

முந்தைய ஆணையின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றுகள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். முந்தைய ஆணைக்குப் பின் என்னென்ன மாறியது என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். எதிர்த் தரப்பாரைத் திட்டி எழுதும் பத்துப் பக்கத்தைவிட, நிகழ்ந்ததைக் கூறும் ஒரு பக்கம் வலிமையுள்ளது. வழக்கு முடியும்வரை பொறுக்க முடியாத ஆபத்து இருந்தால், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஆணை கோரலாம்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கூறுகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

கடல் கடந்து உழைக்கும் தகப்பன்மார்களுக்கு ஒரு செய்தி. பிள்ளையின் பொறுப்பு தமக்கு இல்லாத பெற்றோரும், பிள்ளையுடன் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பேச வாய்ப்பு வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. உருவம் பார்த்துப் பேசும் தொலைபேசி வசதி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. முழுப் பொறுப்பையும் மாற்றக் கோரும் முன், இத்தகைய சந்திப்பு ஏற்பாட்டை மட்டும் மாற்றக் கோரலாம். பல குடும்பங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

செய்யக் கூடாதவை

நீதிமன்ற ஆணை நிலுவையில் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிச் செல்லாதீர்கள். பாசத்தின் மிகுதியால் செய்தாலும், அது ஆணையை மீறிய செயலாகவே கருதப்படும்; உங்கள் வழக்கையே அது பலவீனப்படுத்தும். அவ்வாறே, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அதன் அனுமதியின்றிப் பிள்ளையை அந்நீதிமன்ற எல்லைக்கு அப்பால் கொண்டு சென்று வைக்கக் கூடாது.

நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நம் போன்றோருக்குத் தெரியும், மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் குரலும் உள்ளத்திலிருந்து வரும் குரலும் வேறு வேறானவை. நீதிபதிகளுக்கும் அது தெரியும். அதனினும் பெரிது, தாய்க்கு எதிராகவோ தகப்பனுக்கு எதிராகவோ சாட்சி சொல்ல வைக்கப்பட்ட பிள்ளை, அந்தச் சுமையை வயது முதிர்ந்த பின்னும் இறக்கி வைக்க முடியாது.

ஜமாஅத் பெரியவர்களுக்கு

ஜமாஅத்தில் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் நல்ல முயற்சியே. ஆனால் அது நீதிமன்ற ஆணையாகாது. ஃபத்வாவுக்கும் இத்தகைய மன்றங்களின் முடிவுக்கும் சட்டக் கட்டாயம் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, இரு தரப்பாரும் மனமொத்த ஏற்பாட்டை நீதிமன்றத்தில் பதிந்து ஆணையாகப் பெற்றுக்கொள்ள வழிகாட்டுங்கள். எழுதும்போதே பிள்ளைக்காக ஒரு வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதுங்கள். பெருநாள் எங்கே, பள்ளி விடுமுறை எங்கே, தகப்பன் விடுப்பில் வந்தால் எத்தனை நாள், படிப்புச் செலவு யார், ஒருவர் ஊர் மாறினால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் குறிப்பிடுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடி அதை மறுபடி பார்ப்பது என்றும் எழுதுங்கள். நாளைய வழக்கை இன்றே தவிர்க்கும் வழி இதுவே.

அன்பார்ந்த பெற்றோர்களே! பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது அல்-பகரா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் நெறி. ஆணையை மாற்றக் கோரி மனுவில் கையொப்பமிடும் முன், ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மாற்றம் என் பிள்ளைக்கு வேண்டியதா, என் கோபத்திற்கு வேண்டியதா? பிள்ளைக்கு வேண்டியதென்றால் தயங்காமல் செல்லுங்கள். நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. கோபத்திற்கு வேண்டியதென்றால், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, முதலில் பிள்ளையுடன் பத்து நிமிடம் பேசுங்கள்.